முந்நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தில் நான்கு வரி

புத்தகம் குர்பார்தி கிராமத்துக்கு வந்து சேர்ந்த அன்று ஊரே கல்யாண வீடு மாதிரி இருந்தது. மலைக்காரர்களின் வீடு, விருந்து, பகை, சத்தியம், பெண் கொடுப்பது, ஆடு பிரிப்பது என்று ஒன்று விடாமல் அறுநூறு பக்கம். தலைநகரத்திலிருந்து பேராசிரியர் பெத்ரித் எட்டு வருஷம் மலைமலையாக ஏறி இறங்கி எழுதியது. அதில் குர்பார்திக்கென்றே தனியாக ஓர் அத்தியாயம் இருந்தது. ஷ்கோத்ரா நகரத்துக்கும் ஊருக்கும் மினிவேன் ஓட்டுகிற மார்த்தின் இருபது பிரதி தூக்கி வந்தான். காப்பிக்கடை வாசலில் இறக்கிய ஒரு மணி நேரத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தைத் தவிர வேறெதையும் தொட்டறியாதவர்கள்கூட ஒரு கையில் ராக்கிச் சாராயக் கோப்பையும் மறு கையில் புத்தகமுமாக உட்கார்ந்துவிட்டார்கள். எல்லோரும் செய்த முதல் வேலை ஒன்றுதான். தன் வீட்டுப் பெயர் எங்கே வருகிறது என்று தேடினார்கள்.

லூச்சேவும் தேடினாள். அறுபத்தேழு வயது, கல்யாணம் ஆகாதவள். அப்பா ஜெலோஷ் கட்டிய கல்வீட்டில் தனியாக இருந்தாள். அப்பா அரசாங்கத்தின் பகைவர் என்று சிறைக்குப் போன வீட்டில் அந்தக் காலத்தில் யார் பெண் எடுப்பார்கள்? தம்பி ஒருவன் உண்டு. கம்யூனிச ஆட்சி விழுந்து நாடு திறந்ததும் அமெரிக்காவுக்குப் போய், டெட்ராய்ட்டில் பிட்சா கடை வைத்து, அங்கேயே ஊன்றிவிட்டான். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் பக்கம் புரட்டினாள். முந்நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தது.

நான்கே வரி. விருந்தாளியைக் காப்பது மலையின் உயிர்மூச்சு என்று மூன்று பக்கம் உருகிவிட்டு, அதற்கும் விதிவிலக்கு உண்டு என்று எழுதியிருந்தார் பேராசிரியர். ‘1957ஆம் ஆண்டு செப்டம்பரில் குர்பார்தியைச் சேர்ந்த ஜெலோஷ், எல்லை கடந்து தப்பிச் செல்லத் தன் வீட்டில் தஞ்சம் புகுந்திருந்த பிரெக் என்பவனைக் காவல்படையிடம் காட்டிக்கொடுத்தான். பிரெக் சுட்டுக் கொல்லப்பட்டான். காட்டிக்கொடுத்தும் ஜெலோஷ் தண்டனைக்குத் தப்பவில்லை. அடைக்கலம் தந்த குற்றத்துக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சுரங்க முகாமில் கழித்தான்.’

கீழே பொடி எழுத்தில் காவல்துறைக் கோப்பின் எண்.

அவள் புத்தகத்தை மூடவில்லை. அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் அவரைக்காய் தீய்ந்து வீடெல்லாம் புகை. அன்று முழுக்க அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மலையில் கொலை செய்தவனுக்குக்கூட ஒரு மரியாதை உண்டு. விருந்தாளியைக் காட்டிக்கொடுத்தவனுக்கு ஒன்றும் கிடையாது. அவன் வீட்டு ரொட்டியை யாரும் தொடமாட்டார்கள். அறுபது வருஷம் கழித்து அப்படியா என்று கேட்பீர்கள். அறுபது வருஷம் என்ன, அறுநூறு வருஷமானாலும் அப்படித்தான். யாரும் அவளிடம் வந்து சண்டை போடவில்லை. எதிரே வந்தவர்கள் திடீரென்று ஆட்டைத் தேட ஆரம்பித்தார்கள். டிசம்பரில் புனித நிக்கோலா திருநாள் வந்தது. அன்று ஒவ்வொரு வீடும் கதவைத் திறந்து வைக்கும், ஊரே ஒவ்வொரு வீடாகப் போய்ச் சாப்பிடும். லூச்சே இருபது பேருக்கு ரொட்டி சுட்டாள், ஆட்டுக்கறி வேகவைத்தாள். பாதிரியார் மட்டும் வந்தார். அவர் எல்லா வீட்டுக்கும் வந்தே ஆகவேண்டும், அது அவர் பிழைப்பு. அவரும் ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டு, வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை அவள் பேராசிரியருக்குப் போன் போட்டாள். எண் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே இருந்தது.

“பெத்ரித் தம்பியா? நான் குர்பார்தி லூச்சே. ஜெலோஷோட மக.”

அவருக்கு ஞாபகம் இருந்தது. அவள் வீட்டில் மூன்று நாள் தங்கி, அவள் சுட்ட ரொட்டியைப் புகழ்ந்து தள்ளியவர்தான். “அம்மா! சௌக்கியமா? புத்தகம் வந்துச்சா?”

“வந்துச்சு. எங்கப்பாவப் பத்தி பொய் எழுதியிருக்கீங்க.”

நிதானமாக, குழந்தைக்குச் சொல்வதுபோல, பேராசிரியர் விளக்கினார். “அம்மா, நான் மனசுல தோணினத எழுதல. கோப்புல இருக்கு. ‘தகவல் ஜெலோஷ் வீட்டிலிருந்து கிடைத்தது’ன்னு எழுத்துல இருக்கு. வீட்டுத் தலைவர் அவர்தானே? உங்க வருத்தம் புரியுது. ஏப்ரல்ல இரண்டாம் பதிப்பு வருது, மறுக்க உங்ககிட்ட ஆதாரம் ஏதாவது இருந்தா கொடுங்க, கட்டாயம் திருத்தறேன்.”

“ஆதாரமா? எங்க ஆளுங்க எதை ஆதாரம்னு சொல்லுவாங்கன்னு நீங்களே முப்பது பக்கம் எழுதியிருக்கீங்களே. பழி சுமந்தவன் கல்லத் தோள்ல ஏத்திச் சத்தியம் பண்ணணும். அவன் சத்தியம் சுத்தம்னு பன்னிரண்டு பேர் கூட நின்னு சத்தியம் பண்ணணும். பண்ணிட்டா பழி தீர்ந்துச்சு. எழுதினீங்களா இல்லையா?”

பேராசிரியர் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, ஆனால் சிரிப்பு சிரிப்புதான். “எழுதினேம்மா. அது பழைய காலம். அதுவும் பன்னிரண்டு ஆம்பளைங்க வேணுமே.”

“கூட்டிட்டு வரேன்,” என்று போனை வைத்தாள்.

சொல்லிவிட்டாளே தவிர, ஆண்களுக்கு எங்கே போவாள்? குர்பார்தியில் ஆண்கள் என்று சொல்லிக்கொள்ள ஒன்பது பேர் இருந்தார்கள். மற்றவர்கள் மிலானில் சுவர் பூசினார்கள், லண்டனில் கார் கழுவினார்கள். முதலில் தம்பிக்குப் போன் செய்தாள்.

“விடுக்கா,” என்றான் அவன். “இந்தக் காலத்துல எவன் புத்தகம் படிக்கறான்?”

“ஊரே படிச்சிருக்குடா!”

“அதெல்லாம் ரெண்டு மாசத்துல மறந்துரும். இங்க கடையில கூட்டம், அப்புறம் பேசறேன்.”

காப்பிக்கடைக்குப் போய் அங்கிருந்த ஐந்து பேரிடம் கேட்டாள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் கடைக்காரன் வாய் திறந்தான். “லூச்சே, சத்தியத்துக்குக் கூப்பிடறது ஆம்பளை வேலை. உன் தம்பி வந்து கூப்பிட்டா யோசிக்கலாம். பொம்பளை கூப்பிட்டு நாங்க வந்தோம்னு வெச்சுக்க, நாலு பேர் என்ன சொல்லுவாங்க?”

“நாலு பேரா? இந்த ஊர்ல அஞ்சாவது ஆள் இருந்தாத்தானே அந்த நாலு பேர் அவன்கிட்டச் சொல்ல?” என்றாள். “மாடு மேய்க்கறது நான், விறகு வெட்டறது நான், பனியில கூரை ஏறினது நான். எங்க வீட்டுல ஆம்பளை வேலைன்னு எதை மிச்சம் வெச்சிருக்கீங்க? சத்தியத்த மட்டுமா?”

வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே முடிவு செய்துவிட்டாள். பெண்களைக் கேட்பது என்று. பெண்கள் சத்தியம் மலையில் செல்லாது. செல்லாது என்று சொன்னவர்கள் யார்? ஆண்கள். அவர்கள்தான் ஊரில் இல்லையே.

பதினொரு பெண்களைச் சேர்க்க ஒரு மாதம் பிடித்தது. எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். சிலர் ஜெலோஷ் கையால் ரொட்டி வாங்கித் தின்றவர்கள், சிலர் அவர் செத்தபோது மாரடித்து அழுதவர்கள். காது கேளாத ஷ்குர்தே எதற்கு என்றே கேட்கவில்லை, “வேன்லயா? அப்ப வரேன்,” என்றாள். பன்னிரண்டாவது ஆளைக் கடைசி வரை தள்ளிப்போட்டாள் லூச்சே. ஏனென்றால் அந்த ஆள் தீலா.

தீலாவின் நாக்குக்கு ஊரில் நாய்கூடப் பயப்படும். அது காரணமில்லை. தீலா, செத்துப்போன பிரெக்கின் அண்ணன் மகள். பக்கத்துப் பள்ளத்தாக்கில் பிறந்து, குர்பார்திக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் வாசலில்தான் லூச்சே மூன்று முறை வந்து திரும்பிப் போயிருந்தாள். நாலாவது முறை தீலாவே கதவைத் திறந்தாள்.

“என்னடி, என் வாசல அளந்து பாக்கறியா? வேலி போடப் போறியா?”

“ஒரு காரியமா வந்தேன்.”

“தெரியும். ஊர்ல எல்லாரையும் கூப்பிட்டுட்டு என்னை மட்டும் விட்டுட்ட. எங்க சித்தப்பா செத்த கதைக்குச் சத்தியம் பண்ண, நான் இல்லாம ஷ்குர்தேவ இழுத்துட்டுப் போறியே, அவ ‘ஆமென்’ன்னு சொல்லச் சொன்னா ‘ஆட்டுப்பால்’னு சொல்லுவா.” தீலா கையைத் துடைத்துக்கொண்டாள். “நேராவே கேக்கறேன். உங்கப்பன் எங்க சித்தப்பாவக் காட்டிக்கொடுத்தாரா?”

“இல்ல.”

“அப்ப யாரு?”

லூச்சே வாசற்படியைப் பார்த்தாள். “அப்பா சொல்லுவாரே, மோப்ப நாய்னு,” என்றாள்.

தீலா அவளையே பார்த்தாள். “சரி. வரேன்,” என்றாள்.

ஏப்ரல் மாதம், இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போவதற்கு முன்னால், ஷ்கோத்ராவில் ஒரு மண்டபத்தில் பேராசிரியருக்குப் பாராட்டு விழா என்று செய்தி வந்தது. காலை பதினொரு மணிக்கு. விடிந்ததும் மார்த்தினின் வேனில் பதின்மூன்று பெண்கள் ஏறினார்கள். கறுப்புப் பாவாடை, வெள்ளை முக்காடு, மடியில் பாலாடைக்கட்டியும் வெங்காயமும். வளைவுக்கு ஒரு தடவை யாருக்காவது வாந்தி வந்தது. பாட்டும் கேலியுமாகத்தான் போனார்கள்.

லூச்சே மட்டும் அதில் சேரவில்லை. மலையில் பொய்ச் சத்தியம் செய்தவன் மட்டுமல்ல, அவனை நம்பிக் கூட நின்றவர்களும் பொய்யர்கள் ஆவார்கள். செத்த பிறகும் அந்தக் கல்லை அவர்கள் சுமக்கவேண்டும். வெங்காயத்தைப் பங்கு போட்டுத் தின்கிற இந்தப் பன்னிரண்டு பேரும் அவளை நம்பி வருகிறார்கள். இவர்கள் தலையில் கல்லை ஏற்றுவதற்கா கூட்டிப் போகிறேன் என்று நினைத்தபோது அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“மார்த்தின், நிறுத்துப்பா,” என்றாள். கீர் ஆற்றுப் பாலம் வந்திருந்தது.

எல்லோரும் இறங்கிக் காலை நீட்டினார்கள். லூச்சே ஆற்றங்கரையில் அவர்களை நிற்கவைத்தாள். கையைப் பிசையவில்லை, அழவில்லை. நேராகச் சொன்னாள்.

“நான் உங்ககிட்ட ஒண்ண மறைச்சுட்டேன். எங்கப்பா காட்டிக்கொடுக்கல. மோப்ப நாயும் வரல. அது நான்தான்.”

ஒருத்தி கையிலிருந்த வெங்காயத்தை மடியில் போட்டுக்கொண்டாள். லூச்சே தொடர்ந்தாள்.

“எனக்கு ஏழு வயசு. அப்பல்லாம் எங்க வீட்டுக்கு யாரும் வரமாட்டாங்க, அப்பா அரசாங்கத்துக்கு ஆகாதவர்னு. பள்ளிக்கூடத்துல கீழ்வீட்டுப் பொண்ணு ஒருத்தி, ‘உங்க வீட்டு அடுப்புல பூனைதான் தூங்கும், விருந்தாளியே வராத வீடு’ன்னு கத்தினா. எல்லாப் புள்ளைங்களும் சிரிச்சுது. எனக்குப் பொறுக்கல. ‘நேத்து எங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தாரு, அப்பா மரியாதையா கெடாயோட தலைய அவரு முன்னால வெச்சாரு’ன்னு சொல்லிட்டேன். பெருமையாச் சொன்னேன். சத்தமாச் சொன்னேன். வாசல்ல வாத்தியார் தனாஸ் நின்னுட்டிருந்தான். என் தலையத் தடவிக் கொடுத்தான். பள்ளிக்கூடத்த அப்பவே விட்டுட்டு, கீழே காவல்படை முகாமுக்குப் போனான். சாயங்காலம் வந்துட்டாங்க.”

“என்ன சொல்றா?” என்று கேட்டாள் ஷ்குர்தே. பக்கத்தில் இருந்தவள் அவள் காதில் கத்தினாள். “இவதானாம்! பள்ளிக்கூடத்துல விருந்தாளி வந்திருக்காருன்னு பீத்திக்கிட்டாளாம்! வாத்தியான் கேட்டுட்டானாம்!” தான் அறுபது வருஷம் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததைப் பாலத்தின் அந்தப் பக்கம் ஆடு மேய்ப்பவனுக்கும் கேட்கும்படி இன்னொருத்தி கூவுவதை லூச்சே நின்று கேட்டாள்.

“அப்பாவுக்குத் தெரியும்,” என்றாள். “சுரங்கத்துலேருந்து வந்த அன்னிக்கு ஊரே எங்க வீட்டுல கூடியிருந்தது. எப்படிய்யா பிடிச்சாங்கன்னு கேட்டாங்க. நாய் மோப்பம் பிடிச்சிருச்சுன்னார். என்னைப் பாத்துக்கிட்டே சொன்னார். சாகற வரைக்கும் என்னை ஒரு வார்த்தை கேக்கல. அந்த மனுஷன் பேர்ல இன்னிக்கு இப்படி அச்சடிச்சிருக்கான். நான் வாய மூடிட்டு உக்காந்திருந்தா என்னைவிடக் கேடுகெட்டவ இருக்கமாட்டா. நீங்க சத்தியம் பண்ண வேண்டியது ஒண்ணுதான். அது எங்கப்பா இல்ல. அதுக்கு வரமுடிஞ்சவங்க வாங்க. வரலைன்னா மார்த்தின் திருப்பிக் கொண்டுபோய் விடுவான். நான் நடந்து போய்க்கறேன்.”

தீலா முதுகைக் காட்டித் திரும்பி, ரோட்டோடு நடந்து போய்விட்டாள். வளைவில் இருந்த கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தாள். இங்கிருந்து பார்க்க வெள்ளை முக்காடு மட்டும் தெரிந்தது. ஒருத்தியும் வேனில் ஏறவில்லை. அவளுக்குத்தான் கோபப்பட உரிமை, அவள் சொல்வதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம் என்று எல்லோருக்கும் தெரியும். மார்த்தின் இரண்டு சிகரெட் பிடித்து முடித்தான். லூச்சே ஆற்றில் இறங்கி, தன்னால் தூக்கமுடிந்த கற்களிலேயே பெரியதாக ஒன்றைத் தேடி எடுத்தாள். யார் வந்தாலும் வராவிட்டாலும் அவள் போகத்தான் போகிறாள்.

தீலா திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. நேராக லூச்சே முன்னால் வந்து நின்றாள்.

“எங்க பாட்டி சாகற வரைக்கும் உங்க வீட்டு நாயக்கூடச் சபிக்கல. ஏன் தெரியுமா? ஜெலோஷ் வீட்டுல என் புள்ள கடைசியா வயிறாரச் சாப்பிட்டான்னு சொல்லுவா. தலைக்கறி வெச்சாங்கன்னு சொல்லுவா.” அவள் குரல் உடைந்தது, உடனே அதட்டலாக மாறியது. “ஏழு வயசுப் புள்ளைய என்னடி பண்றது? ஆனா நான் வாழ்க்கைப்பட்டு வந்ததுலேருந்து என் பக்கத்து வீட்டுல இருந்துட்டுச் சொல்லாம இருந்தியே, அதுக்கு உன்னை இந்த ஆத்துலயே தள்ளலாம்.”

“தள்ளு.”

“தள்ளிட்டா அங்க யாரு பேசறது? ஷ்குர்தேவா?” தீலா வேன் கதவை இழுத்துத் திறந்தாள். “வரேன். ஆனா இங்க சொன்னத அங்கயும் அப்படியே சொல்லணும். வாத்தியான் பேரோட சொல்லணும். ஒரு சொல் முழுங்கினாலும் நானே எந்திரிச்சுச் சொல்லுவேன். ஏறுங்கடி எல்லாரும்! வெங்காயம் வாசம் கொல்லுது, ஜன்னலத் திறங்க.”

மண்டபத்தில் விழா நடந்துகொண்டிருந்தது. மேடையில் பூங்கொத்து, தண்ணீர் பாட்டில், குவித்து வைத்த சிவப்பு அட்டைப் புத்தகங்கள். பேராசிரியர்கள், மாணவர்கள், ஒரு டெலிவிஷன் கேமரா. பதின்மூன்று பெண்கள் வரிசையாக உள்ளே நுழைந்ததும் வாசலில் இருந்த பெண்மணி ஓடிவந்தாள்.

“அம்மா, நடனம் மத்தியானம்தான், சாப்பாட்டுக்கு அப்புறம்! பின்பக்கம் அறை இருக்கு, அங்க இருங்க.”

“எங்க நடனம் இப்பத்தான்,” என்றாள் தீலா. பெண்மணியை மெதுவாக ஒரு தூணைப்போல ஓரம் நகர்த்திவிட்டாள்.

லூச்சே நடு வழியில் நடந்தாள். இடது தோளில் ஆற்றுக்கல், அதைப் பிடித்த கை. பின்னால் பன்னிரண்டு பேர். சபையில் ஒரு சலசலப்பு, பிறகு கைத்தட்டல். செல்போன்கள் மேலே எழுந்தன. முன்வரிசையில் ஓர் அம்மாள், “எவ்ளோ அழகு! எவ்ளோ அசலா இருக்கு!” என்று பக்கத்து ஆளிடம் சொன்னாள். அது லூச்சே காதில் விழுந்தது. அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

“கை தட்டறத நிறுத்துங்க,” என்றாள். “நாங்க கூத்தாட வரல.”

கைத்தட்டல் நின்றது. பேராசிரியர் பெத்ரித் எழுந்து நின்றுவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. சபையில் புரிந்தவர் அவர் ஒருவர்தான். கல்லைத் தோளில் சுமந்து ஒருத்தி வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று முப்பது பக்கம் எழுதியவர் அல்லவா.

“தம்பி, பன்னிரண்டு பேர் கேட்டீங்க. கூட்டிட்டு வந்திருக்கேன்.”

“அம்மா,” என்றார் அவர் மெதுவாக, “இப்படி எல்லார் முன்னாலயும் வேணாமே. உள்ள போய்ப் பேசலாம்.”

“எல்லார் முன்னாலயும்தானே அச்சடிச்சீங்க?”

அவள் சபையைப் பார்த்துத் திரும்பினாள். கல்லின் கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் குரல் சாயவில்லை. பாலத்தடியில் சொன்னதையே சொன்னாள். ஏழு வயசு, கெடாத்தலை, பெருமை, வாத்தியார் தனாஸ், சாயங்காலம். ஒரு சொல்லையும் முழுங்கவில்லை. முடித்துவிட்டு, “எங்கப்பா ஜெலோஷ் தன் விருந்தாளியக் காட்டிக்கொடுக்கல. நான் சொல்றது பொய்யா இருந்தா, இந்தக் கல்ல நான் செத்த பின்னாலயும் சுமக்கறேன்,” என்றாள்.

“அவ சத்தியம் சுத்தம்,” என்றாள் தீலா. “நான் செத்துப்போன பிரெக்கோட அண்ணன் மக. என் ரத்தத்து மேல சத்தியம்.”

ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். ஷ்குர்தேவின் முறை வந்தபோது யாரும் அவளை இடித்து உணர்த்த வேண்டியிருக்கவில்லை. மண்டபமே அதிரும்படி கத்திச் சொன்னாள்.

பேராசிரியர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மோசமான மனிதரல்ல. ஆனால் படித்தவருக்கு நெருக்கடி வந்தால் படித்தது உதவிக்கு வருமே. “அம்மா, நான் மதிக்கறேன். ஆனா நீங்க சொல்ற வழக்கப்படியே பாத்தாக்கூட, பெண்கள் சத்தியம் செல்லாது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துல…”

“அந்தப் பக்கத்தையும் சேத்துத் திருத்து!” என்றாள் தீலா. சபையின் பின்வரிசையில் மாணவிகள் சிரித்துவிட்டார்கள்.

“அதுவும் போக, அது நீங்கதான்னாலும், ஏழு வயசுக் குழந்தைக்கு எந்த வழக்கத்துலயும் குற்றம் கிடையாது. உங்களுக்கு எதுக்கு இந்தப் பழி? ‘வீட்டுக் குழந்தை ஒன்று அறியாமல்’னு போட்டுடறேன். பேர் வேணாம்.”

“என் பேரைப் போடுங்க. எங்கப்பா பேரப் போட்ட இடத்துல என் பேரப் போடுங்க. லூச்சே, ஜெலோஷோட மக. விருந்தாளி வந்த பெருமைய அடக்கத் தெரியாதவ.” அவள் ஓரடி முன்னால் வைத்தாள். “அப்புறம் இன்னொண்ணு கேக்கறேன். கோப்புல தகவல் எங்க வீட்டுலேருந்து கிடைச்சுதுன்னு மட்டும்தான் இருந்துச்சா? யாரு கொண்டுவந்து கொடுத்தான்னு இல்லையா? அந்தக் காலத்துக் காவல்காரன் தான் குடிச்ச காப்பியக்கூட எழுதி வெச்சவனாச்சே.”

பேராசிரியர் மேடையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். அப்போதுதான் லூச்சேவுக்கு விளங்கியது.

“இருந்துச்சு,” என்றாள். “தனாஸ்னு இருந்துச்சு. நீங்க படிச்சிருக்கீங்க.”

“அம்மா…” அவர் குரலைத் தாழ்த்தினார். “அவர் பின்னால பெரிய பதவிக்குப் போனவர். குடும்பம் தலைநகரத்துல இருக்கு, வக்கீல் குடும்பம். அவர் பேரப் போட்டா வழக்குப் போடுவாங்க, பதிப்பகம் தாங்காது. ஜெலோஷ் வீட்டுல… அங்க…”

“அங்க கேக்க யாரும் இல்லைன்னு நினைச்சீங்க.”

அவர் தலையைக் குனிந்தார்.

“இருக்கோம் தம்பி,” என்றாள் லூச்சே. “அதச் சொல்லத்தான் இவ்ளோ தூரம் வந்தோம். எங்க வீட்டு ரொட்டியச் சாப்பிட்டீங்க, நீங்களும் எங்க விருந்தாளி. உங்களக் காட்டிக்கொடுக்க நான் வரல. பேனாவ எடுங்க.”

கேமராக்காரன் கேமராவை இறக்கவில்லை. பேராசிரியர் பெத்ரித் குவியலில் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்தார். முந்நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தைப் பிரித்து, பழைய வரிகளின் மேல் நீளமாகக் கோடு இழுத்தார். ஓரத்தில் எழுத ஆரம்பித்தார். நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். எழுதி முடித்து, புத்தகத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

லூச்சேவின் ஒரு கை கல்லில் இருந்தது. இன்னொரு கையால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். அவள் பெயர் இருந்தது, வயது இருந்தது, கெடாத்தலை இருந்தது. ‘அதைச் செவியுற்ற பள்ளி ஆசிரியர் தனாஸ் காவல்படைக்குத் தகவல் தந்ததாகச் சொல்லப்படுகிறது’ என்று முடிந்திருந்தது.

அவள் விரலை அந்தக் கடைசிச் சொல்லின் மேல் வைத்தாள்.

“சொல்லப்படுகிறதா? எங்கப்பாவப் பத்தி எழுதும்போது இந்தச் சொல்ல எங்க வெச்சிருந்தீங்க?”

பேராசிரியர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பின்னால் நின்ற பன்னிரண்டு முகங்களைப் பார்த்தார்.

“அத அடிங்க,” என்றாள் லூச்சே.

அவர் அடித்தார். ‘தந்தார்’ என்று எழுதினார்.